அஜீசா எழுதிய ஏழு

அன்று அறையில் இருந்தவர்கள்: மேற்பார்வையாளர் பரசுராமன். வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையின் சாட்சியாக வியாகுலம்மாள். இயந்திரத்தில் அமீருதீன். பதிவேட்டில் மூன்று பேர்தான். மூட்டையைப் பிரித்ததும் நான்காவதாக ஒருத்தி வந்து நின்றது அமீருதீனுக்கு மட்டும் தெரிந்தது.

விம்கோ நகரில் மூடிப்போன தொழிற்சாலையின் கிடங்கு அது. கடைகளில் கார்டு தேய்த்த ரசீதுகளை ஒன்றரை வருடம் பூட்டி வைத்து, பிறகு தூளாக்குவது கம்பெனியின் தொழில். ரசீதில் கார்டு எண் முழுசாக இருக்கும். திருடன் கையில் ஒன்று சிக்கினாலும் போச்சு. அதனால் அங்கே வேலை செய்பவர்களுக்குப் பை இல்லாத முழுக்கைச் சட்டை.

இது 2003 ரம்ஜான் மாதத்து மூட்டை. அப்போது அந்தக் கடைக் கல்லாவில் இருந்தவள் அவன் மனைவி அஜீசா. ஒவ்வொரு ரசீதின் பின்னாலும் வாடிக்கையாளரின் போன் நம்பரை எழுதுவாள். ஏழு வந்தால் நடுவில் ஒரு கோடு போடுவாள். காமாலையில் செத்து எட்டு மாதம். வீட்டில் அவள் கையெழுத்து ஒரு துண்டுகூட இல்லை. மளிகைச் சாமானை வாயால் சொல்லித்தான் பழக்கம்.

கத்தை கத்தையாக அவளைத் தள்ளிக்கொண்டிருந்தான். ஒரு ரசீதில் மூன்று ஏழு. அது இயந்திரத்துக்குள் போகவில்லை, சட்டைக் கைக்குள் போனது.

"பாய், கைய வுதறு," என்றாள் வியாகுலம்மாள்.

"இன்னாக்கா?"

"பாத்துகினுதான் கீறேன். அஞ்சு வருசம் அவ பக்கத்து சேர்ல குந்துனவ நானு. அவ எயுத்து எனுக்குத் தெரியாதா? ஆனா முன்னால கீற நம்பரு அவுளுது இல்ல பாய். யாரோ நம்மள நம்பிக் குட்த்தது."

பரசுராமன் எழுந்து வந்தார்.

"கார்டு நம்பர மட்டும் கிய்ச்சுப் போட்டுர்றேன் சார். பின்பக்கம் மட்டும்..."

"பின்னால போன் நம்பரு கீது. அதுவும் எவனுதோ. அதையும் கிய்ச்சா மிச்சம் இன்னா பாய்?" என்றார் பரசுராமன்.

"ஒரே ஒரு ஏயு சார்."

யாரும் சிரிக்கவில்லை. வியாகுலம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அமீருதீன் அதைத் தானே உள்ளே விட்டான். மற்றதைப் போலவே இதையும் தின்றது இயந்திரம். பரசுராமன் பதிவேட்டில் நடந்ததை எழுதினார்.

"எயுதாம வுட முடியாது பாய். நாளிக்கி வராத."

கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். தூள் மூட்டைக்குப் பக்கத்தில் அவள் அசையாமல் நின்றாள். வா என்று தலையை ஆட்டினான். வரவில்லை.

அவன் வெளியே வந்தான். பரசுராமன் பின்னால் கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினார்.