கழிவுக் குழாயில் போன மருந்து

ரத்தம் உறையாத நோயாளிகளுக்கான மருந்துப் புரதம் ஆலையின் குளிர்ந்த கூடத்தில்தான் பிரிந்து வந்தது. வேண்டிய புரதமும் வேண்டாததும் கிட்டத்தட்ட ஒரே பருமன். வெறும் வடிகட்டி வேலைக்கு ஆகாது. அதனால் பெண் பொறியாளர் வடிகட்டும் சவ்வின் மேல் மின்னேற்றமுள்ள ரசாயனப் பூச்சு ஏற்றியிருந்தாள். அது மருந்தைத் தள்ளி நிறுத்தும். மற்றது துளை வழியே கழிவுத் தொட்டிக்கும், அங்கிருந்து வால்வு வழியே சாக்கடைக்கும் இறங்கும். பம்பை ஓட்டியவர் அவளுடைய சொந்த அண்ணன். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்; இங்கே தங்கைக்குக் கீழே வேலை.

அவள் கழிவைச் சோதித்துப் பார்த்தாள். அதில் மருந்து இருந்தது.

"பம்பை நிறுத்தணும் சார். கழிவு வால்வையும்," என்றாள் மேலாளரிடம்.

"பாதியில நிறுத்தினா சரக்கு கெட்டுடும்மா. அழுத்தத்தைக் கூட்டி முடிச்சிடுங்க." குப்பியில் அடைப்பவர்கள் பக்கத்து அறையில் காத்திருந்த அவசரம் அவருக்கு.

சவ்வு காலையில் நன்றாகத்தான் இருந்தது. உப்பு கூடிப்போனால் மின்னேற்றத்தின் பிடி தளரும், மருந்தும் நழுவும். உப்புக் கரைசல் கலந்தவர் அண்ணன். மேலாளர் முன்னால் கேட்டால் அவர் மானம் போகும். கேட்காவிட்டால் மருந்து போகும்.

"அண்ணே, உப்பு எவ்வளவு போட்டீங்க?"

"என்னையே சந்தேகப்படறியா?"

"இல்லண்ணே. அது தெரிஞ்சாதான் எவ்வளவு தண்ணி சேர்க்கணும்னு சொல்ல முடியும்."

அண்ணன் பம்பின் பக்கம் திரும்பினார். பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. சட்டென்று அவரே அதை அணைத்தார், வால்வைத் திருகினார்.

"ரெண்டு பங்கு. நடுவுல யாரோ கூப்பிட்டாங்க. போயிட்டு வந்து, போடலைன்னு நெனச்சு மறுபடியும் கொட்டிட்டேன்."

மேலாளரின் முகம் சிவந்தது.

"அதை அப்புறம் பேசிக்கலாம் சார். தொட்டியில இருக்கறது இன்னும் சாக்கடைக்குப் போகல," என்றாள் அவள்.

தொட்டியில் தேங்கியதைத் திரும்ப எடுத்து, உப்பில்லாத கரைசல் சேர்த்து, மறுபடியும் சவ்வுக்கு அனுப்பினார்கள். அண்ணன் அழுத்தமானியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடுத்த மாதிரியை அவளே சோதித்தாள். கழிவில் மருந்து மருந்துக்குக்கூட இல்லை.

முன்பே சாக்கடையில் இறங்கியது போனது போனதுதான். மொத்த மருந்தில் முக்கால்வாசி மீண்டது. அண்ணனை எச்சரிக்கையோடு விட்டார்கள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவர் அவள் பக்கம் சாய்ந்தார்.

"உங்க அண்ணிகிட்ட சொல்லிடாதே," என்றார்.

"நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நாத்தனார் கோள் சொல்றான்னு ஆயிடும்."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபமா சிரிப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை.