கூரையில் ஒரு மேடு

...பதினோரு மணி ஆகிவிட்டது, இந்நேரம் உள்ளே கூப்பிட்டிருப்பார்கள், இல்லை இன்னும் அந்த இரும்பு நாற்காலி வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாளோ என்னவோ, கூடவே அவள் தம்பி இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான், நில் என்றால் நிற்கிற மனுஷன், தன்னைப்போல் மூக்குக்கு மேல் கோபத்தை வைத்துக்கொண்டு அலைகிறவன் இல்லை, தலைக்கு ஸ்கேன் எடுப்பதெல்லாம் இந்தக் காலத்தில் ஒரு விஷயமா, முட்டிக்கு எடுக்கிறார்கள், முதுகுக்கு எடுக்கிறார்கள்... லாரிக்காரர் இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கேபினுக்குள் இருக்கைகளின் மேல் மல்லாந்து படுத்து, கூரையின் உட்பக்கம் ஒட்டியிருந்த பழைய ரெக்சினை உளியால் நெம்பிக் கிழித்தார். துருப்பொடி கண்ணில் விழுந்தது, துடைத்தால் இன்னும் எரிந்தது. தானும் போயிருக்கலாம். "நீங்க வந்து என்ன பண்ணப்போறீங்க, மழை வர்றதுக்குள்ள கூரைய முடிங்க" என்று மனைவி சொன்னதும், நல்லதாய்ப் போயிற்று என்று ஒரு நிமிஷம் நிம்மதி வந்ததே, அதை நினைத்தால் இப்போது தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசனை ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் சும்மா, பயம், அவ்வளவுதான். போனில் சத்தம் முழுசாக வைத்திருக்கிறோமா என்று மூன்றாவது தடவையாக எடுத்துப் பார்த்தார்.

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கியே பத்தொன்பது வருஷம் ஓடிய லாரி, ஊரார் கட்டிலும் பீரோவும் ஏறிய வண்டிக்குக் கூரை மட்டும் சமமாக இருக்குமா என்ன, முன்னால் இருப்பது சலவை மெஷின் சரிந்த குழி, ஓரத்தில் இருப்பது ஒரு டீச்சரின் புத்தகப் பெட்டி, மற்றதெல்லாம் ஒட்டடைக்குச்சியின் குதிகால். ஒட்டடைக்குச்சி என்பது லோடுமேனுக்கு எல்லாரும் வைத்த பெயர், ஆளைப் பார்த்தால் காற்றில் பறந்துவிடுவான்போல இருப்பான், கயிறு கட்டக் கூரைமேல் ஏறினால் மட்டும் எங்கிருந்துதான் அத்தனை கனம் வருமோ. மேலிருந்து விழுந்த குழி உள்ளே மேடாகப் புடைத்துக்கொண்டு நிற்கும், வெளியே அந்த இடத்தில் மணல் மூட்டையைப் போட்டுவிட்டு உள்ளிருந்து தட்ட வேண்டும், ஓங்கி அடித்தால் தகடு இழுபட்டுத் தொளதொளத்துவிடும், ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றிச் சின்னச் சின்னதாகத் தட்டி நடுவுக்கு வர வேண்டும்... லாரி வாங்குமுன் ஆறு வருஷம் டிங்கரிங் கடையில் படித்த படிப்பு. அங்கே கத்துக்கிட்ட பொறுமையெல்லாம் தகட்டோட சரி, ஸ்டியரிங்கப் பிடிச்சா எங்க போகுதோ என்பாள் மனைவி. என்பாள் என்ன என்பாள், நேற்றுகூடச் சொன்னாளே. நேற்றா, போன வாரமா? போன வாரம்தான் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள், பாத்திரம் கருகி வீடெல்லாம் புகை, கேட்டால் நான் பாலே வைக்கலையே என்கிறாள். தூக்கம் கெட்டால் அப்படித்தான், கண்ணாடியின் பவர் மாறியிருந்தாலும் தலை வலிக்கும்... அவர் அடுத்த மேட்டைத் தேடிக் கூரையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே பக்கத்து இருக்கையின் மேலே வந்தார்.

கை ஒரு குழிக்குள் இறங்கியது. மேடு மேடாகத் தட்டுப்பட்டுக்கொண்டிருந்த கைக்குச் சட்டென்று ஒரு குழி, உள்ளங்கையை அப்படியே வாங்கிக்கொள்கிற அளவுக்கு. இது எப்படி? கீழே இறங்கி, பம்பரில் கால் வைத்துக் கூரைமேல் எட்டிப் பார்த்தார், சுருட்டிப் போட்டிருந்த தார்ப்பாய்க்கு அடியில் துருக் கொப்புளம் என்று காலையில் சுரண்டாமல் விட்ட இடம், கொப்புளம் இல்லை, மேடு. உள்ளிருந்து கிளம்பிய மேடு. மழைத்தண்ணீர் தேங்கித் தேங்கி அந்த இடத்தில் தகடு காகிதமாய் இளைத்துப்போயிருக்கிறது, விரலால் அமுக்கினால் அசைகிறது, சரி, அதனால் எது பட்டாலும் புடைக்கும், ஜாக்கிக் கம்பியை யாராவது அலட்சியமாய்த் தூக்கிப் போட்டிருப்பார்கள்... கம்பி பட்டால் கூராக அல்லவா இருக்கும், ரெக்சின் கிழிந்திருக்குமே. இது வழவழவென்று உருண்டையாக இருந்தது.

அப்போதுதான் அவருக்கு அந்த வேகத்தடை ஞாபகம் வந்தது, ஞாபகம் வந்தது என்று சொல்வதும் பொய், ரெக்சினைக் கிழிக்கும்போதே அது மனசின் ஓரத்தில் இருந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு மாதம் இருக்குமா. மத்தியான வெயில், பின்னால் ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோ, ஒட்டடைக்குச்சி லீவு, அதனால் சாமான் எண்ணி இறக்க அவள் வந்திருந்தாள். கொஞ்சம் மெதுவாப் போங்க என்றாள். அதைச் சொன்னதற்காகவே, வேறு ஒன்றுக்குமில்லை, சொன்னாளே என்பதற்காகவே ஆக்ஸிலேட்டரை மிதித்தார், வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை, வண்டி எகிறி விழுந்தது, அவள் பக்கத்து சீட் பெல்ட் பூட்டு உடைந்து ஆறு மாதம், அப்புறம் மாத்தலாம் அப்புறம் மாத்தலாம் என்று ஆறு மாதம். தடார் என்று ஒரு சத்தம், அவர் பீரோ என்று நினைத்தார், ஓரம்கட்டி இறங்கி ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தார், முதலில் கண்ணாடியைத்தான் பார்த்தார், கீறல்கூட இல்லை, சந்தோஷமாகத் திரும்பி வந்தால் அவள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள், அதுக்குள்ள தூக்கமா என்று சிரித்தாரே, அவளும் ம் என்றாளே. ஒரு சாண் தள்ளிப் பட்டிருந்தால் குறுக்குச் சட்டம், விரல் தடிமன் இரும்பு. பட்டதே எங்கே என்று யாருக்குத் தெரியும், சட்டத்திலும் பட்டுத்தான் வழுக்கியதோ...

கேபினுக்குள் திரும்பி வந்து அவள் உட்காரும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார், தலைக்கு மேலே நேராக அந்தக் குழி. போன வாரம் டாக்டர் கேட்டார், எங்கயாவது விழுந்தீங்களா, தலையில அடி பட்டுச்சா என்று. அவள் இவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, இல்லை என்றாள். இவரும் பெரிய மேதாவியாட்டம், அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர் என்று கையை ஆட்டினார். ஏன் பார்த்தாள்? சொல்லட்டுமா என்று கேட்ட பார்வையா, பட்டதா என்று இவரிடம் தெரிந்துகொள்ளப் பார்த்ததா? இந்த மேட்டை மேலிருந்து தட்டினால் அரைமணி வேலை, பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் அப்படி ஒன்று இருந்த அடையாளமே இருக்காது. சுத்தியலை எடுத்தார், இடது கை தானாகத் தன் உச்சந்தலைக்குப் போனது, எடுத்த சுத்தியலைக் காலடியில் போட்டார். போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார், அவசரத்தில் முதல் தடவை வேறு யாருக்கோ போய்விட்டது.

"ஏங்க, இன்னும் கூப்பிடலங்க, அடுத்து நான்தான்" என்றாள், பின்னால் யாரோ இருமும் சத்தம், "இப்பத்தான் நர்ஸு வந்து எழுதிட்டு நிக்குது, மறுபடியும் அதே கேள்வி, அடி பட்டுச்சா அடி பட்டுச்சான்னு. இல்லன்னுட்டேன். கூரை முடிஞ்சுதா?"

"பட்டுச்சுன்னு சொல்லு" என்றார்.



"எப்போ?" என்றாள்.

அந்த ஒரு சொல்லை அவர் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இருபத்தேழு வருஷமாகக் கேட்கிற குரல், கோபமா வருத்தமா என்று அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடலாம், இப்போது ஒன்றும் பிடிபடவில்லை. தம்பி பக்கத்தில் இருக்கிறான், அவன் காதில் விழுந்தால் புருஷனைக் குறைவாக நினைப்பான் என்று கேட்கிறாளா, இல்லை நிஜமாகவே... அந்த மத்தியானமே அவள் ஞாபகத்தில் இல்லையா? மறைக்கிறாள் என்றே இருக்கட்டும், கடவுளே, அவள் பொய் சொல்கிறவளாகவே இருக்கட்டும் என்று அவர் மனசு கெஞ்சியது.

"அந்த நர்ஸுகிட்ட போனக் குடும்மா" என்றார், "நான் சொல்றேன்."