தட்டு வாங்கியவர்

முதலியார்பேட்டையில் அந்தக் கல்யாண மண்டபத்தை மூன்று வருடத்துக்கு முன் ஒரு கம்பெனி வாங்கியபோது ராஜாங்கத்தையும் நாற்காலியோடு சேர்த்தே வாங்கியது. இருபது வருடமாக முன்னறையில் உட்கார்ந்து தேதி எழுதிக் கொடுப்பவர் அவர்தான். இனிமேல் பதிவெல்லாம் கம்ப்யூட்டரில் என்றார் முதலாளி கோபிநாத். நம் சனம் கம்ப்யூட்டரிடம் போய்த் தாம்பூலத் தட்டை நீட்டுமா? வெற்றிலை பாக்கு பழத்தை ஒரு மனிதர் கையில் கொடுத்தால்தான் அவர்களுக்குத் தேதி உறுதி. அதனால் கோபிநாத், கம்பெனி பேர் போட்ட சட்டையும், மேசைமேல் 'மேனேஜர்' என்று ஒரு பலகையும் கொடுத்து அவரையே உட்காரவைத்தார். சம்பளம் மட்டும் வாட்ச்மேன் சம்பளம்.

உழவர்கரை ஆதிலட்சுமி மகள் கல்யாணத்துக்குத் தட்டோடு வந்தாள். ராஜாங்கம் வாங்கிக்கொண்டு ஆவணியில் ஒரு முகூர்த்தத்தை நோட்டில் எழுதி, ஆபீசுக்கும் போனில் சொன்னார். ஆபீஸ் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற மறந்தது. பத்திரிகை ஊரெல்லாம் போன பிறகு, அதே நாளை ஒரு பெரிய புள்ளிக்குக் கொடுத்துவிட்டார் கோபிநாத்.

ஆதிலட்சுமி அழுதுகொண்டு ஓடிவந்தாள்.

"இந்தாளு வாட்ச்மேன்மா. தேதி குடுக்க இவருக்கு அதிகாரமே கெடையாது" என்ற கோபிநாத் ராஜாங்கத்திடம் திரும்பினார். "நீயே சொல்லுய்யா. நான் குடுத்தனா அதிகாரம்?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை தங்கும். அந்தப் பெண்ணின் கல்யாணம் தெருவில் நிற்கும். ராஜாங்கம் மேசைமேல் இருந்த பலகையைக் கோபிநாத் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்கதான சார் தட்டு வாங்கிக்கச் சொன்னீங்க. மூணு வருசமா நான் வாங்குன ஒரு தட்டையும் வேணாம்னு சொன்னதில்லயே."

கம்பெனி வக்கீல் நிர்மலா கோபிநாத்தைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னது அறைக்கு வெளியேயும் கேட்டது. "சட்டையும் பலகையும் குடுத்தது நாமதான். ஜனங்க அத நம்பித்தான் வந்தாங்க. உள்ளுக்குள்ள நாம இன்னா பேசி வச்சிருந்தாலும் கோர்ட்ல நிக்காது. அவரு வார்த்ததான் கம்பெனி வார்த்த. வேணாம்னா, இனிமே அவருக்கும் நமக்கும் சம்பந்தமில்லன்னு ஊருக்கே தெரியற மாதிரி அறிவிப்பு போடுங்க."

மண்டபம் ஆதிலட்சுமிக்கே கிடைத்தது. "சாவற வரைக்கும் மறக்க மாட்டேண்ணே. நீங்க முன்னால வந்து நிக்கணும்" என்று ராஜாங்கத்தின் காலில் விழுந்தாள். அன்று மாலையே அவருக்கு வேலை போயிற்று. போனால் போகட்டும், பேர் கெடவில்லையே என்று மனைவி செல்வாம்பாளிடம் சொல்லிச் சிரித்தார், பாவம்.

கல்யாணத்தன்று சலவைச் சட்டையும் வெள்ளிக் குங்குமச்சிமிழுமாக இருவரும் போனார்கள். வாசலில் மணமக்கள் பேனருக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில் ராஜாங்கம் நின்றிருந்தார். 'எச்சரிக்கை! படத்தில் உள்ள நபருக்கும் எங்கள் நிறுவனத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இவரிடம் யாரும் ஏமாற வேண்டாம்.' முதல் வரி வக்கீல் சொன்னது. இரண்டாவது, கோபிநாத் தன் வஞ்சத்துக்குச் சேர்த்துக்கொண்டது.

வந்தவர்களெல்லாம் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா முகம் சுளித்து, பன்னீர்ச் செம்போடு நின்ற ஆதிலட்சுமியிடம் கேட்டார்: "இன்னாம்மா, இந்த ஏமாத்துக்காரன் உங்க ஆளா?"

அவள் பேனரைப் பார்த்தாள். சம்பந்தியின் முகத்தைப் பார்த்தாள்.

"யாருன்னே தெரியல சம்மந்தி. சாப்பாட்டுக்கு வந்திருப்பாரு."

செல்வாம்பாள் பொங்கி வாயைத் திறந்தாள். ராஜாங்கம் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாங்க, மண்டபம் மாறி வந்துட்டோம்" என்றார்.