நிலாவுக்குப் பின்னால் ஒரு மச்சினி

ஆளைச் சாகடிப்பதற்குச் சம்பளம் தரும் உத்தியோகம் அது. நாகரிகமாக ஒத்திகை மேலாளர் என்று சொல்வார்கள். நிலாவைச் சுற்றி வரப்போகும் நான்கு பேரையும் விண்கலத்தின் மாதிரி ஒன்றுக்குள் உட்காரவைத்து, காற்றை ஒழுகவிடுவது, மின்சாரத்தைப் பிடுங்குவது, எரிபொருள் முள்ளைப் பொய் சொல்லவைப்பது என்று வெளியே இருந்தபடி நாள் முழுக்க ஏதாவது வினை வைக்க வேண்டும். அவர்கள் சமாளித்துவிட்டால் மறுநாள் இன்னும் மோசமாக வைக்க வேண்டும். அந்த வேலையைப் பார்த்தவருக்கு அலுவலகத்தில் 'கோளாறு' என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இதில் சங்கடம் என்னவென்றால், அந்த நால்வரில் ஒருத்தி அவருடைய மச்சினி. மனைவிக்கு ஒரே தங்கை.

"இன்னைக்கு எத்தனை தடவை அவளைக் கொன்னீங்க?" என்று தட்டை வைத்துக்கொண்டே மனைவி கேட்பாள்.

"ரெண்டு. மூணாவது தடவை அவளே பொழச்சிக்கிட்டா."

"பேச்சைப் பாரு. நீங்க சொல்லித்தானே அவ இந்த வேலைக்கே எழுதிப் போட்டா?"

உண்மைதான். ஒரு விடுமுறை மதியம் சோபாவில் மல்லாந்து கிடந்தபோது, "எழுதித்தான் போடேன், என்ன குடியா முழுகிடப் போகுது?" என்று சும்மா சொல்லிவைத்தார். சும்மா சொன்னது இப்போது நிலாவரை போயிருக்கிறது. அவள் பத்திரமாகத் திரும்பினால் அது அவள் சாமர்த்தியம். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அது இவர் வாய். மாமியார் வீட்டில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அதில் தப்பொன்றும் இல்லை என்றுதான் அவருக்கும் பட்டது. அதனால்தான் தூக்கம் போயிற்று.

கலம் நிலாவுக்குப் பின்னால் போகும் நாளன்று, குடும்பத்தார் உட்காரும் கண்ணாடி அறைக்கு மாமியாரையும் மனைவியையும் அழைத்துப் போனார்.

"பின்னாடி போனா பேச முடியாதாமே, மாப்பிள்ளை?"

"நிலா குறுக்க நிக்கும் அத்தை. ரேடியோ தாண்டாது. ஒரு முக்கால் மணி நேரம், அவ்வளவுதான்."

"பின்னாடி அப்படி என்ன இருக்கு?"

"கல்லுதான்."

"கல்லைப் பாக்கவா என் பொண்ணை அனுப்பியிருக்கீங்க?" என்றார் மாமியார். மாப்பிள்ளை கட்டுப்பாட்டு அறைக்குள் நழுவினார்.

நிஜப் பயணத்தின்போது அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. கல்யாண வீட்டில் சமையல் முடிந்த பிறகு நிற்கும் சமையல்காரர் மாதிரி, சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். "பின்னால போயிட்டு வரோம்," என்று மச்சினியின் குரல் கேட்டது, அடுத்த அறைக்குப் போகிறவள் சொல்வது போல. அப்புறம் வெறும் இரைச்சல்.

அறையில் யாரும் அசையவில்லை. ஒருவர் பேனா மூடியைக் கடித்தார். சிக்னல் மேஜையில் இருந்த பெண் தன் காலிக் கோப்பையை மூன்றாம் முறையாகக் குடித்தாள். சும்மா இருக்கும் ஆட்கள்தான் பயப்படுவார்கள் என்பது கோளாறின் அனுபவம். இயக்குநர் அம்மாவிடம் போய்க் குனிந்தார்.

"மேடம், ஒரு குட்டி ஒத்திகை வைக்கட்டுமா? கலம் வெளிய வருது, ஆண்டெனா வேற பக்கம் பாக்குது. கைக்கு ஒரு வேலையா இருக்கும்."

"உங்களுக்கு வேற பொழுதே போகாதா?" என்றார் அவர். ஆனாலும் தலையாட்டினார். நிலாவுக்குப் பின்னாலிருந்து எப்படியும் எதுவும் வரப்போவதில்லை. சிக்னல் மேஜை, வானத்தைக் கேட்கும் லைனை விட்டுக் கோளாறின் ஒத்திகை லைனுக்கு மாறியது.

ஒத்திகைக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. ஒத்திகை ஓடும்போது கோளாறின் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. அவர் வாயால் 'ஒத்திகை முடிந்தது' என்று சொல்லும்வரை யாரும் லைனைத் தொடக் கூடாது. இரண்டும் அவரே போட்ட சட்டங்கள்.

அறையிலிருந்த பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆண்டெனாவைச் சீக்கிரமே திருப்பிவிட்டார்கள். அப்போதுதான் அவர் ஒரு தவறு செய்தார். யோசித்தார்.

இதுவரை பிறந்தவர்கள், தன் மாமியார், தன் பல் வைத்தியர், வரிசையில் குறுக்கே நுழைகிறவர்கள் எல்லாரும் அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் நாலே பேர். அங்கே இருந்து பார்த்தால் பூமி என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் கிடையாது. இத்தனை வருஷமாக மாதிரிக் கலத்தின் ஜன்னலில் நிலாவைப் படமாக ஓட்டிக் காட்டியவர் அவர்தான். சினிமா கொட்டகையில் படம் ஓட்டுகிறவன் அதை நம்புவானா? இப்போது நம்பினார். சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்த குடும்பத்திலிருந்து ஒருத்தி, யாரும் கூப்பிட முடியாத இடத்தில் இருக்கிறாள். வாய் பிளந்தது. அந்த வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்ல மறந்தார்.

கலம் வெளியே வரும் நேரம் வந்தது. குரல் வரவில்லை.

இயக்குநர் கூப்பிட்டார். இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். அதே இரைச்சல்.

அறையில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. எல்லாரும் கோளாறைப் பார்த்தார்கள். பழக்கம்தான் காரணம், எது கெட்டாலும் அவர் முகத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எந்தப் பயிற்சியும் பெறாத மாமியாரும் அதே பார்வை பார்த்தார்.

பழக்கம் இவரையும் விடவில்லை. முகம் கல்லாயிற்று. நான் இல்லையடா பாவிகளா, இது நிஜம், போய்விட்டாள், நான்தான் அனுப்பினேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. முகம் மட்டும் அசையவில்லை.

சிக்னல் பெண் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"சார்... நீங்க இன்னும் முடிஞ்சதுன்னு சொல்லலையே?"

"என்னது?"

"ஒத்திகை. நான் இன்னும் உங்க லைன்லதான் இருக்கேன்."

"முடிஞ்சது! முடிஞ்சதும்மா! லைனை மாத்து!" என்று அவர் கத்திய கத்தலில் பேனா மூடிக்காரர் மூடியை விழுங்கப் பார்த்தார்.

லைன் மாறியது. வாக்கியத்தின் நடுவிலிருந்து குரல் வந்து விழுந்தது.

"...இது நீங்கதான்னு எனக்குத் தெரியும் அத்தான். இங்க வந்துமா? வெக்கமா இல்ல? நான் பதற மாட்டேன். ஆண்டெனா பாத்துட்டேன், பவர் பாத்துட்டேன், எல்லாம் சரியா இருக்கு. தப்பு கீழதான்."

இது உலகம் முழுக்க நேரடி ஒலிபரப்பு.

"நல்லாக் கேக்குது," என்றார் இயக்குநர், சிரிப்பை அடக்கி. "தப்பு கீழதான்மா."

குரல் போய்ச் சேர்ந்து பதில் வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அப்ப நான் பேசினது ஒண்ணுமே கேக்கலையா? நிலா ஓரத்துல பூமி எழும்பி வந்ததைச் சொல்லிட்டே இருந்தேனே."

"இல்லம்மா. திரும்பச் சொல்றியா?"

"அது எப்படித் திரும்பச் சொல்றது? வந்தாச்சு. கறுப்புத் துணியில ஒரே ஒரு நீலப் பொத்தானைத் தச்சுட்டு, யாரோ பாதியில எழுந்து போயிட்ட மாதிரி இருக்கு. அதுல நீங்கல்லாம் இருக்கீங்கன்னு நம்பவே முடியல. இருக்கீங்கதானே?"

கோளாறு, பேசுவதற்கு அனுமதியே இல்லாத ஆள், இயக்குநர் மேஜையில் கை நீட்டிப் பேசும் பொத்தானை அழுத்தினார்.

"இருக்கோம். எல்லாரும் இருக்கோம். உங்கம்மா என்னை முறைச்சிக்கிட்டு இருக்காங்க."

அங்கிருந்து சிரிப்பு வந்து சேரும்வரை அறை காத்திருந்தது. வந்தது.

வெளியே நடைபாதையில் மாமியார் கண்ணைத் துடைத்தபடி நின்றிருந்தார். மனைவி இவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"இனி திரும்பி வர வேண்டியதுதானே, மாப்பிள்ளை?"

"ஆமா அத்தை. பூமியே தானா இழுத்துட்டு வந்துடும்."

"அப்ப நீங்க வீட்டுக்கு வந்து படுங்க," என்றார் மாமியார். "நீங்க அந்த ரூம்ல இல்லேன்னா அவ பத்திரமா வந்துடுவா."