பதினோராம் கேள்வியின் ஸைஃப்

1

இந்தக் கதை விடைத்தாளில் இருந்த ஒரு காலிக் கட்டத்தில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் கணவர் பள்ளியில் அரபி சொல்லிக்கொடுத்தவர். பிள்ளைகளின் செவிப்பயிற்சிக்காக வீட்டிலேயே வாக்கியங்களைப் பேசிப் பதிவார். பொத்தானை அழுத்துவது நான். அவர் போன பிறகுதான் தெரிந்தது, கடைசிப் பதிவின் பதினோராம் கேள்விக்கு மட்டும் அவர் விடை எழுதவில்லை.

2

தொடக்கம்: ‘மேசைமேல் வெயில் பூனையைப் போலச் சுருண்டு படுத்திருந்த ஒரு...’

[பொய். அன்று மழை. சன்னலைச் சாத்திவிட்டுப் பதிந்தோம்.]

ஸைஃப் வாசலில் இருக்கிறது. அதுதான் பதினோராம் கேள்வியின் வாக்கியம். அரபியில் ஸைஃப் என்றால் வாள். அதையே நாக்கைத் தாழ்த்திக் கனமாகச் சொன்னால் கோடை. எதைக் கேட்டோம் என்று பிள்ளைகள் எழுத வேண்டும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, மன்னியுங்கள்.

“ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?” என்றேன்.

“இருபது வருஷமா நான் சொன்னதே உன் காதுல ஏறல. இதுவா ஏறப்போகுது?”

அப்போதே நோயில் அவர் நாக்கு தடித்திருந்தது.

3

புது ஆசிரியை வகுப்புக்கு என்னை அழைத்தார். [இவரைக் கொஞ்சம் கடுகடுப்பாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. தங்கமான பெண்.] பதிவை மூன்று முறை ஓடவிட்டார். பாதிக் கைகள் வாளுக்கு, பாதி கோடைக்கு.

“எனக்கே பிடிபடலக்கா. விடை முழுசா இல்லேன்னா பரீட்சைக்கு இதை எடுத்துக்க மாட்டாங்க. என் குரல்லதான் புதுசாப் பதியணும். நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க, என்ன சொன்னாரு?”

வீட்டில் அந்தப் பதிவின் ஒரு பிரதி இருக்கிறது. ஆனால் அங்கே கேட்க நான் ஒருத்திதான். எனக்கோ அரபி தெரியாது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “டீச்சர், சொல்றதுக்கு முன்னாடி சார் மூச்சு இழுக்கிறாருல்ல, அது எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு. அதுக்கு மார்க் உண்டா?”

வகுப்பே சிரித்தது. நானும்தான்.

4

முடிவு அ: ‘கோடை’ என்கிறேன். பாதிப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் பறிபோகிறது. அவர் குரல் வகுப்பில் தங்குகிறது.

முடிவு ஆ: ‘வாள்’ என்கிறேன். மற்றப் பாதிக்குப் பறிபோகிறது. குரல் அப்போதும் தங்குகிறது.

முடிவு இ: ‘தெரியாது’ என்கிறேன். உண்மை அதுதான்.

[அன்று அந்த வாக்கியத்தைச் சொன்னபோது என் கணவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே என்ன நின்றது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.]

ஆசிரியை காத்திருக்கிறார். பேனா மூடியைத் திறந்து, அந்தக் கட்டத்தில் நான்

இங்கிருந்து நீங்கள் எழுதுங்கள். எதை எழுதினாலும், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுதுங்கள்.