இரண்டு சிவப்புப் புள்ளிகள்

முட்புதருக்குள் முழங்காலிட்டிருந்த லாக்லன் இம்ரிக்குத் தன் கோல்ஃப் பந்து கிடைக்காமல் போயிருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. கிடைத்தவை இரண்டு. ஒரு சாண் இடைவெளியில், ஒரே கம்பெனி, மேலே அச்சடித்த எண்ணும் அதே மூன்று, இரண்டும் புதுசு.

பத்தொன்பது கோப்பை ஜெயித்தவன். துபாயில் ஜெயித்தான், ஜப்பானில் ஜெயித்தான், அமெரிக்காவில் இரண்டு தடவை. பிறந்து வளர்ந்த கில்ரென்னன் கடற்கரை மைதானத்தில் மட்டும் ஒரு தடவைகூட இல்லை. பெரிய போட்டி இங்கே பத்து வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். போன முறை ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் தோற்றான். மீன்கடை ராப் அதைச் சொல்லிக் காட்டாமல் இன்றுவரை அவனுக்கு மீன் கட்டிக் கொடுத்ததில்லை. இப்போது வயது நாற்பத்தேழு. அடுத்த முறை கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்ட வேண்டியதுதான். இன்றைக்குப் பதினாறாவது குழிக்கு வரும்போது மற்ற எல்லாரையும்விட ஒரு அடி குறைவாக அடித்து முன்னால் இருந்தான்.

அங்கேதான் பந்து காற்றில் சாய்ந்து புதருக்குப் போனது. இருபத்திரண்டு வருஷமாக அவன் மட்டைப் பையைச் சுமக்கும் அக்கா ஐல்சா, "அது கிடைக்கலன்னா ஆகும், எதுக்கும் இங்கேருந்தே இன்னொண்ணு அடிச்சு வச்சுக்கடா" என்று சொன்னாள். "விழுந்த இடம் எனக்குத் தெரியும்" என்று விறுவிறுவென நடந்துவிட்டான்.

இடம் தெரிந்துதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை பயிற்சியிலும் இதே புதருக்குள்தான் அடித்தான். போனால் போகட்டும் என்று தேடாமல் விட்டான்.

நடுவர் மிசஸ் டஃப் குனிந்து பார்த்தார். "உங்க பந்துல என்ன அடையாளம், லாக்லன்?"

"அடையாளம் போடலங்க."

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுமே என்னுதுதான்."

"அது புரியுதுங்க. இப்ப அடிச்சது எதுன்னுதான் கேக்கறேன்."

கூட்டத்திலிருந்து ராப் குரல் கொடுத்தான். "டேய் லாக்கி, ரெண்டையும் அடிச்சிரு. எது உள்ள போவுதோ அது உன்னுது." நாலு பேர் சிரித்தார்கள்.

அடையாளம் வைப்பது அக்காவின் வேலை. ஒவ்வொரு போட்டி நாளும் காலைக் கஞ்சிக்குப் பக்கத்தில் பந்துகளை வரிசையாக வைத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிவப்புப் பேனாவால் இரண்டிரண்டு புள்ளி வைப்பாள். இன்று காலை ஒரு புள்ளி கோணலாகப் போய் வழிந்துவிட்டது. ராத்திரி முழுக்கத் தூங்காத கடுப்பு எல்லாம் அதன்மேல் இறங்கியது. "கண்ணு தெரியலன்னா விட்டுரு. நானே போட்டுக்கறேன். இனிமே என் பந்தைத் தொடாத." அவள் பேனாவை மூடி வைத்தாள். வாசலில் கார் வந்துவிட்டது. பெட்டியிலிருந்து நாலு பந்தைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டவன் அடையாளம் போடுவதை அத்தோடு மறந்தான். பச்சைக் குழந்தைகூடச் செய்யாத தப்பு.

இடது பக்கத்துப் பந்துதான். அவன் மனசு அப்படித்தான் சொன்னது. அதில் ஒரு சின்னக் கீறல் இருந்தது, எப்போது விழுந்தது என்று அவனுக்கே தெரியாது. போன குழியில் நான் பண்ணின கீறல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிசஸ் டஃப் நம்பிவிடுவார். ஊரே நம்பும். வாயைத் திறந்தான். ஐல்சா பையைத் தோளில் வைத்தபடி அவனைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலங்க" என்றான்.

"தேடறதுக்குக் குடுத்த மூணு நிமிஷம் ஆயிருச்சு. மன்னிச்சுக்கங்க" என்றார் மிசஸ் டஃப்.

பந்து தொலைந்த கணக்கு. முதலில் அடித்த இடத்துக்கே போய், தண்டனை அடி ஒன்றையும் சேர்த்து மூன்றாவது அடியாக அடிக்க வேண்டும். அவன் பெரிய மட்டையை உருவிக்கொண்டு பாக்கெட்டைத் தடவினான். மிச்சமிருந்த பந்துகளை வழியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டிருந்தான். அக்காவிடம் கையை நீட்டினான்.

ஐல்சா பையைத் திறக்கவில்லை. தன் மழைக்கோட்டுப் பாக்கெட்டிலிருந்து ஒரு பந்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "காத்து இன்னும் இடதுலருந்துதான் அடிக்குது" என்றாள்.

முன்னால் வந்துவிட்ட கூட்டம் விலகி வழிவிட, இருநூற்று நாற்பது கஜமும் தலையைக் குனிந்தபடி திரும்பி நடந்தான். ராப்கூடக் கேலியை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றான். அது இன்னும் மோசமாக இருந்தது.

மரக்குச்சியைத் தரையில் குத்திப் பந்தை அதன்மேல் வைத்தபோதுதான் பார்த்தான். இரண்டு சிவப்புப் புள்ளிகள். ஒன்று கோணலாகி வழிந்திருந்தது. புள்ளிகள் தன் பக்கம் தெரியும்படி பந்தை மெல்லத் திருப்பி வைத்துவிட்டு நிமிர்ந்தான். தூரத்தில், புதர் ஓரத்தில், அக்கா பையை இறக்கி வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.