நைசாக அரைத்த தோல்

...நாக்கில் வைத்தால் ஏதாவது தெரிய வேண்டுமே, பிஸ்கட் என்று தெரிகிறது, நொறுங்குகிறது, கரைகிறது, அதற்கப்புறம் ஒன்றுமில்லை, கதவைத் தட்டிவிட்டு ஆளில்லாத வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி அவள் தன் வாய்க்கு வெளியே நிற்கிறாள். எதிரே மூன்று சின்னத் தட்டுகள். இரண்டில் ஒரே பிஸ்கட், ஒன்றில் மட்டும் ஹேசல்நட் என்கிற சாக்லேட் கொட்டையின் தோல் மாவு கொஞ்சம் தூக்கல், அது எது என்று கண்டுபிடித்து அட்டையில் குறிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ருசி பார்க்கிற அறை என்று பெயர், நிஜத்தில் ஓர் அலமாரிக்குள் நாற்காலி போட்ட மாதிரி, தலைக்கு மேலே சிவப்பு பல்பு, அந்த வெளிச்சத்தில் எல்லா பிஸ்கட்டும் ஒரே நிறம். கண் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதாம். கண்ணை நம்பாமல் பல்பு போட்டார்கள், சரி, நாக்கை நம்பியவர்கள் என்ன செய்வார்கள்? பக்கத்துத் தடுப்பில் இதே வேலைக்கு வருகிற பஸ் கண்டக்டர் தொண்டையைச் செருமுகிறார், ரிட்டயர் ஆகியும் விசில் ஊதத் தயாராக இருக்கிற தொண்டை. பேசக் கூடாது என்பது இங்கே சட்டம், அதனால் செருமுவார், அவருக்கு எது என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

காலையில் ஆராய்ச்சிக்கார மேடம் சந்தோஷமாகத்தான் சொன்னாள், "இந்தத் தடவை தோலை இன்னும் நைசா அரைச்சிருக்கோம்மா, பல்லுல நெருடவே நெருடாது." நெருடாது. கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. இத்தனை நாளும் அந்த நெருடலை வைத்துத்தானே ஓட்டினாள், கடைவாய்ப் பல்லில் மணல் மாதிரி அதிகம் பட்டால் தோல் அதிகம், துவர்ப்பு அதிகம் என்று மார்க் போடுவாள், குறைவாகப் பட்டால் குறைவு, பெரும்பாலும் சரியாகவே வந்தது, "துவர்ப்பம்மா சொன்னா அப்பீல் கிடையாது" என்று கண்டக்டர் வேறு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பாவம் மேடம், சின்னப் பெண், கல்யாணப் பேச்சைக்கூடத் தள்ளிப்போட்டுவிட்டு இந்தத் தோலோடு மல்லுக்கட்டுகிறாள். சாக்லேட் ஆலையில் கொட்டையை வறுத்ததும் பழுப்பாக, வெங்காயச் சருகு மாதிரி உரிந்து பறக்கிற தோல், மூட்டை மூட்டையாகத் தூக்கிப் போடுகிற குப்பை, அதில்தான் நார்ச்சத்து கொட்டிக் கிடக்கிறதாம், கலந்தால் எண்ணெய்ப் பண்டம் சீக்கிரம் காறிக் கெட்டுப்போகாதாம், வெண்ணெயைக்கூடக் குறைக்கலாமாம். "துவர்ப்பு ஒண்ணுதான்மா தொல்லை. எவ்வளவு போட்டா வாய் ஏத்துக்கும்னு இன்னிக்கு முடிவு பண்ணிடலாம். உங்க நாக்கை நம்பித்தான் இருக்கேன்." இந்த நாக்கை நம்பி. இன்று குத்துமதிப்பாக ஒன்றைக் குறித்தால் அதை வைத்து மாவின் அளவைத் தீர்மானித்துவிடுவாள், சொன்னால்... சொன்னால் இந்த நாற்காலி போய்விடும், வீட்டை விட்டு வெளியே வர வேறு என்ன சாக்கு இருக்கிறது?

தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு நடுத்தட்டை இன்னொரு முறை. ஒன்றுமில்லை. வருத்தமாவது வர வேண்டாமா, அதுவும் இல்லை, எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிறது. தம்பி இருந்தால் சிரித்திருப்பான். இந்த வேலைக்கு அவள் சேர்ந்தபோது வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னான், "எங்கக்கா வாய்க்கு பயந்து ஊரே ஓடுது, இவங்க காசு குடுத்து அந்த வாயைத் திறக்கச் சொல்றாங்க." அவன் போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ கையில் திணித்த காபி வெந்நீர் மாதிரி இருந்தது, உள்ளே அவனைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்கள், ஆஸ்பத்திரி காபி வேறெப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு முழுவதும் குடித்தாள். வீட்டுக்கு வந்தும் காபி அப்படியேதான் இருந்தது. அவள் அழவில்லை, எல்லோரும் கல்லு என்றார்கள், இருக்கலாம். வீட்டுக்காரர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அவர் எப்போது எதைச் சொன்னார், சாப்பாட்டைக் குறை சொல்வதைத் தவிர? கல்யாணமான நாளிலிருந்து தட்டில் கை வைத்ததும் முதல் பேச்சு உப்புதான், "உப்பு எந்தக் கடையில வித்துச்சு, மொத்தத்தையும் வாங்கிட்டியா?" இல்லையென்றால், "உப்புக்கும் நமக்கும் ஏதாவது சண்டையா?" அதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று...

ஆமாம், எவ்வளவு நாளாயிற்று? சமையல் திடீரென்று திருந்திவிட்டதா, ருசியே தெரியாமல் கண்ணளவில் உப்பள்ளிப் போடுகிறவளுக்கு? அவருக்கும் எல்லாம் அலுத்துவிட்டது என்றல்லவா நினைத்தாள். அலுத்த மனுஷன் எதற்கு அடுப்படிக்கு வருகிறார்? தண்ணீர் குடிக்கக்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர், இப்போது அவள் குளிக்கப் போனால் கையில் கரண்டியோடு நிற்கிறார். இன்று காலையிலும் நின்றார். "என்ன வேணும்?" என்றாள். "பசிச்சுது," என்றார், "வயசானவனுக்குப் பசிக்கக் கூடாதா?" வயசான காலத்தில் இப்படி ஒரு நாக்கு ருசி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே தட்டை எடுத்து வைத்தாள். உப்பு ஜாடியின் மூடி சரியாக மூடாமல் இருந்தது. தினமும்தான் அப்படி இருக்கிறது. அவள் எப்போதும் அழுத்தி மூடுகிறவள்... பிஸ்கட் தூள் விரலில் ஒட்டியிருக்கிறது, அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர்தான், குழம்பைக் கரண்டியில் எடுத்து, வாயில் விட்டு, உப்புப் போட்டு, கலக்கி, பாத்திரத்தைத் திரும்ப மூடி, கூடத்தில் போய்ப் பேப்பரை விரித்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி... கேட்டிருக்கலாமே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை. அவளே சொல்வாள் என்று காத்திருந்தாரா? இல்லை, கேட்டால் அவள் உடைந்துவிடுவாள் என்று பயமா?

எதிர்ச்சுவரின் சின்னக் கதவு மேலே நகர்ந்தது, மேடத்தின் கை அட்டைக்காக நீண்டது. அட்டையில் மூன்று தட்டுகளின் எண்கள், எதிலும் குறியில்லை. அவள் அப்படியே கொடுத்தாள். அந்தக் கை திரும்பிப் போகவில்லை.

"என்னம்மா, மறந்துட்டீங்களா?"

"இல்ல. தெரியல. எனக்கு ருசியே தெரியல மேடம், பல்லுல நெருடறதை வச்சுத்தான் இவ்வளவு நாள் மார்க் போட்டேன்."

பக்கத்தில் செருமல் நின்றது. கதவின் இடைவெளிக்கு ஒரு முகம் குனிந்து வந்தது, சிவப்பு வெளிச்சத்தில் கோபமா பயமா என்று பிரிக்க முடியவில்லை.

"எந்த மார்க்கெல்லாம் தள்ளணும்னு பாக்கணும்," என்றாள் மெதுவாக, பிறகு அதையும் விட்டுவிட்டு, "எப்பலேர்ந்தும்மா இப்படி?"

அவள் யோசித்துப் பார்த்தாள். அந்தக் காபியிலிருந்தா, அதற்கு முன்பேயா, அவளுக்கு என்ன தெரியும், உப்பு ஜாடியைத் திறந்தவருக்குத்தான் தெரியும்...

"வீட்ல கேட்டுத்தான் சொல்லணும்," என்றாள்.